பழைய மைக்ராஸ்கோப் லேம்ப், யூ.வி. லேம்ப் மக்கர் பண்ணுதா? எந்த அறிகுறிக்கு எங்க பார்க்கணும்

1930-கள்லேர்ந்து 1970-கள் வரைக்கும் ஸைஸ், லைட்ஸ், பாஷ் அண்ட் லோம், வாட்சன் மாதிரி கம்பெனிங்க மைக்ராஸ்கோப்புக்குன்னே தனியா லேம்ப் செஞ்சாங்க, அதே காலத்துல அரிய புத்தகம், தோல் ஏடு, பழைய பத்திரம் இதையெல்லாம் பார்க்க பாதரச யூ.வி. (புற ஊதா) லேம்ப்பும் லேப்ல இருந்துச்சு. இப்ப இது பழைய சாமான் கடையிலயும் ஆன்லைன் ஏலத்துலயும் நிறைய வருது. வாங்கறவங்க எரியலன்னா உடனே பல்ப கழட்டி வீசிட்டு உள்ள இருக்கறதையெல்லாம் பிச்சு எல்.ஈ.டி. மாட்டிடறாங்க, அதுதான் எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது. ஏன்னா பெரும்பாலும் கோளாறு பல்புல இருக்காது, பல்புக்கு கரண்ட் போற வழியில இருக்கும். அந்த வழிய மீட்டர் வச்சு ஒழுங்கா பார்த்தா ஒரிஜினல கெடுக்காமலே சரி பண்ணிடலாம்.

கீழ அறிகுறி வாரியா போட்டிருக்கேன். உங்க லேம்ப் என்ன பண்ணுதோ அங்க போய் படிங்க, ஆனா முதல் பகுதிய மட்டும் யாரும் தாண்டாதீங்க.

முதல் தடவை பிளக்ல சொருகறதுக்கு முன்னாடி

புத்தகம், ஸ்லைடு எல்லாத்தையும் மேஜைய விட்டு எடுத்துருங்க. ரிப்பேர் நடக்கற மேஜையில அரிய புத்தகம் இருக்கவே கூடாது.

லேம்ப் அடியில இருக்கற தகட்டுல என்ன வோல்ட், எத்தனை சைக்கிள் (ஹெர்ட்ஸ்)னு படிங்க. அமெரிக்க லேம்ப்னா 110 இல்ல 115 வோல்ட், 60 சைக்கிள் போட்டிருக்கும், நம்ம வீட்டு 230 வோல்ட்ல நேரா சொருகினா அதோட டிரான்ஸ்பார்மர் கதை முடிஞ்சுது. ஜெர்மன், இங்கிலாந்து லேம்ப்ல 220 இல்ல 240 இருக்கும், சிலதுல பின்னாடி வோல்டேஜ் மாத்தற ஸ்விட்ச் இருக்கும், அது எதுல நிக்குதுன்னு பார்த்துக்கங்க.

அடுத்தது ஒயர். துணி சுத்தின ரப்பர் ஒயர் அந்த வயசுக்கு உள்ள பொடிப்பொடியா உதிர்ந்திருக்கும், வெளிய பார்த்தா நல்லாத்தான் தெரியும், லேசா மடக்கினா நொறுங்கற சத்தம் கேக்கும். அந்த ஒயர்ல கரண்ட் கொடுக்காதீங்க. மூணு கோர் ஒயர் போட்டு பச்சை ஒயர இரும்பு பாடியில நல்லா சுரண்டி திருகுல இறுக்குங்க. பழைய ஒயர தூக்கி எறியாம ஒரு கவர்ல போட்டு லேம்ப் கூடவே வைங்க, நாளைக்கு அத மியூசியம் பொருளா பார்க்கறவங்களுக்கு அது வேணும்.

பல்பு ஹோல்டர் பக்கத்துலயோ கூண்டுக்குள்ளயோ வெள்ளையா சாம்பலா பஞ்சு மாதிரி அட்டையோ ஒயர் மேல உறையோ இருந்தா அது அஸ்பெஸ்டாஸா இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். சுரண்டாதீங்க, ஊதாதீங்க, பிரஷ் போடாதீங்க. உதிர்ற நிலைமையில இருந்தா அந்த லேம்ப்ப மூடி கவர்ல கட்டி வச்சிடறதுதான் சரி.

எல்லாம் சரின்னு தோணினா, 230 வோல்ட் லேம்ப்புக்கு முதல் தடவை நேரா கரண்ட் கொடுக்காம எலக்ட்ரீஷியன் வச்சிருப்பாரே சீரிஸ் லேம்ப், 60 வாட் குண்டு பல்பு போட்டது, அது வழியா கொடுங்க. உள்ள ஷார்ட் இருந்தா குண்டு பல்பு முழுசா எரியும், வேற ஒண்ணும் ஆகாது.

சுத்தமா எரியவே இல்ல

பல்ப கழட்டி மல்டிமீட்டர்ல ஓம் வச்சு பாருங்க. இங்க நிறைய பேர் ஏமாந்து போறாங்க. 6 வோல்ட் 30 வாட் பல்பு எரியும்போது அதோட ரெசிஸ்டன்ஸ் 1.2 ஓம்தான், ஆறியிருக்கும்போது அதுல பத்துல ஒரு பங்குக்கு பக்கத்துல தான் இருக்கும். மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். அத பார்த்து பல்பு ஷார்ட்டுன்னு முடிவு பண்ணிடாதீங்க, அது நல்ல பல்பு. மீட்டர் ஒண்ணுமே காட்டலன்னா தான் பல்பு பீஸ் போயிருக்கு.

பல்பு நல்லா இருக்குன்னா பியூஸ், அப்புறம் ஸ்விட்ச், அப்புறம் டிரான்ஸ்பார்மர் பிரைமரி (வீட்டு கரண்ட் வர்ற பக்கத்து சுருள்), இந்த வரிசையில போங்க. ஹோல்டர்ல நடுவுல ஸ்பிரிங் வச்ச பின் இருக்கும், சூட்டுல ஸ்பிரிங் இளகி பின் கீழயே உக்காந்திருக்கும், பல்பு மாட்டினா தொடவே தொடாது. பிளக்க உருவிட்டு மரக்குச்சியால பின்ன அழுத்தி பாருங்க, துள்ளி மேல வரணும்.

எரியுது, ஆனா மங்கலா மஞ்சளா இருக்கு

இதுதான் அதிகமா வர்ற புகார், இதுல தான் பல்பு மேல வீணா பழி போடறாங்க.

கணக்கு இப்படி. 6 வோல்ட் 5 ஆம்பியர் லேம்ப்ல ஹோல்டர் தொடற இடத்துல பச்சை படிஞ்சு வெறும் 0.2 ஓம் ரெசிஸ்டன்ஸ் வந்துட்டா போதும், அங்கயே 1 வோல்ட் தின்னுடும். பல்புக்கு போறது 5 வோல்ட்தான். ஆறுல ஒண்ணு தானே குறைஞ்சுதுன்னு நினைப்போம், ஆனா டங்ஸ்டன் பல்புல வெளிச்சம் வோல்டேஜோட சுமார் 3.5-வது அடுக்குல ஏறி இறங்கும், அதனால வெளிச்சம் கிட்டத்தட்ட பாதியா போயிடும், நிறமும் மஞ்சளாயிடும். வீட்டு 230 வோல்ட் பல்புல இதே 0.2 ஓம் இருந்தா யாருக்கும் தெரியவே தெரியாது. வோல்ட் குறைவு ஆம்பியர் ஜாஸ்திங்கற விளக்குக்கு தான் இந்த பாடு.

அதனால வோல்டேஜ அளக்கற இடம் முக்கியம். டிரான்ஸ்பார்மர் வாயில, அதாவது 6 வோல்ட் வெளிய வர்ற முனையில, பல்பு இல்லாம அளந்தா 6-க்கு மேலயே காட்டும், அதுல ஒண்ணும் தெரியாது. பல்பு எரிஞ்சிட்டு இருக்கும்போது ஹோல்டரோட ரெண்டு முனையில வைங்க. அங்க 5 காட்டுது, டிரான்ஸ்பார்மர் வாயில 6 காட்டுதுன்னா அந்த 1 வோல்ட் வழியில எங்கயோ காணாம போகுது. மீட்டர் ஒயரோட முனைய ஒவ்வொரு ஜாயின்ட்டா நகர்த்திட்டே வாங்க, பிடிச்சிடலாம். தொடற இடத்த அழிரப்பரால தேய்ச்சு ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால துடைங்க. உப்புத்தாள் போட்டு தேய்க்காதீங்க, மேல இருக்கற முலாம் போய் அடுத்த மழைக்காலத்துலயே மறுபடி பச்சை பிடிக்கும்.

ஹோல்டர்ல 6 வோல்ட் சரியா வருது, ஆனாலும் மங்கல்னா பல்பு கண்ணாடிய பாருங்க. உள்பக்கம் கருப்பு படிஞ்சிருந்தா டங்ஸ்டன் ஆவியாகி ஒட்டியிருக்கு, அது தான் பல்போட வயசு. மாத்துங்க. ஹாலோஜன் பல்பா இருந்து உள்ள கருத்திருந்தா பெரும்பாலும் ரொம்ப டிம் பண்ணி ஓட்டியிருப்பாங்க, ஹாலோஜனுக்கு சூடு பத்தலன்னா ஆவியான டங்ஸ்டன் திரும்ப கம்பிக்கு போகாது.

வெளிச்சம் வேணும்னு வோல்டேஜ ஏத்தற ஆசை வரும், வேண்டாம். 5 சதவீதம் ஏத்தினா பல்போட ஆயுள் கிட்டத்தட்ட பாதியாயிடும், இந்த பல்புங்க பலதும் இப்ப தயாரிப்புலயே இல்ல.

மஞ்சள் வெளிச்சத்த ஏன் இவ்ளோ பெருசா பேசறேன்னா, காகிதம் பார்க்கறவங்களுக்கு அது விடையவே மாத்திடும். காகித நார எடுத்து ஹெர்ஸ்பெர்க் சாயம்னு துத்தநாக குளோரைடும் அயோடினும் கலந்தத போட்டா, கந்தல் துணி நார் சிவப்பாகும், ரசாயன மரக்கூழ் நீலமாகும், அரைச்ச மரக்கூழ் மஞ்சளாகும். அந்த மூணு நிறம் தான் மொத்த விஷயமே. இங்கிலாந்துல தாமஸ் வைஸ்ங்கற பேர்பெற்ற புத்தக சேகரிப்பாளர் விட்ட போலி பதிப்புகள 1934-ல ஜான் கார்ட்டர், கிரஹாம் பொல்லார்ட்னு ரெண்டு புத்தக வியாபாரிங்க வெளிச்சம் போட்டு காட்டினாங்க, அதுல பெரிய சாட்சி காகித நார் தான். எஸ்பார்ட்டோ புல் நார் அங்க காகிதத்துக்கு வந்தது 1861 வாக்குல, ரசாயன மரக்கூழ் 1874-க்கு அப்புறம், ஆனா 1847-னு வருஷம் போட்ட சின்ன புத்தகத்துல மரக்கூழ் இருந்துச்சு. இந்த மாதிரி வேலைக்கு உக்கார்றப்ப வெளிச்சமே மஞ்சளா இருந்தா வெள்ளைய மஞ்சள்னு படிப்பீங்க, நீலத்த சாம்பல்னு படிப்பீங்க. வோல்டேஜ் முழுசா 6-க்கு கொண்டு வந்து, லேம்ப் கூட வந்த நீல பில்டர போடுங்க, அது இல்லன்னா சாதாரண டேலைட் நீல பில்டர் வாங்கி போடுங்க.

மினுக் மினுக்னு ஆடுது

லேம்ப் கழுத்த மெதுவா அசைச்சா ஆடுதுன்னா உள்ள ஒயர் அறுந்து ஒண்ணு ரெண்டு இழையில தொங்குது, மாத்துங்க. வெளிச்சம் கூட்டற குமிழ திருப்பும்போது மட்டும் ஆடுதுன்னா ரியோஸ்டாட்ல (அந்த குமிழுக்கு பின்னாடி கரண்ட கூட்டி குறைக்கற பாகம்) கம்பி சுருள் மேல தூசி, ஆக்சைடு. கரண்ட் எடுத்துட்டு கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு குமிழ இந்த கோடிக்கும் அந்த கோடிக்கும் நிறைய தடவை திருப்புங்க. கேமராவுல மட்டும் பட்டை பட்டையா ஓடுது, கண்ணுக்கு தெரியலன்னா அது நம்ம 50 சைக்கிள் கரண்டால வர்ற 100 தடவை ஏற்ற இறக்கம், ஷட்டர 1/50 இல்ல 1/100 வைங்க, லேம்ப்ல ஒண்ணும் இல்ல.

தொட்டா சுருக்குனு இழுக்குது

உடனே பிளக்க உருவுங்க. சும்மா லேசா தான் இருக்குன்னு விடாதீங்க. இந்த லேம்ப்ல நிறைய எர்த் இல்லாம ரெண்டு ஒயரோட வந்தது, பாடியோ முழு இரும்பு, நீங்க ஒரு கைய லேம்ப் மேலயும் இன்னொரு கைய மைக்ராஸ்கோப் மேலயும் வச்சிட்டு கண்ண குழாயில ஒட்டி உக்காந்திருப்பீங்க. மூணு கோர் ஒயரும் எர்த்தும் போட்ட பிறகு எலக்ட்ரீஷியன்கிட்ட 500 வோல்ட் மெக்கர் (கரண்ட் கசிவு பார்க்கற மீட்டர்) இருந்தா பிரைமரிக்கும் பாடிக்கும் நடுவுல வச்சு பார்க்க சொல்லுங்க. 1 மெகா ஓமுக்கு கீழ போனா அந்த டிரான்ஸ்பார்மர ஓட்டாதீங்க, தனியா நல்ல 6 வோல்ட் சப்ளை வாங்கி லேம்ப் தலைக்கு மட்டும் கொடுங்க. டிரான்ஸ்பார்மருக்கும் லேம்ப் தலைக்கும் நடுவுல இருக்கற பிளக்க வெட்டாம அதுக்கு ஏத்த மாதிரி சாக்கெட் தேடுங்க.

டிரான்ஸ்பார்மர் உறுமுது, கொதிக்குது

அமெரிக்க லேம்ப்ப 230-லேர்ந்து 110 ஆக்கற ஸ்டெப் டவுன் வழியா போட்டவங்களுக்கு இது வரும். வோல்டேஜ் சரியாத்தான் இருக்கு, சைக்கிள் சரியில்ல. 60 சைக்கிளுக்கு கணக்கா இரும்பு வச்சு சுத்தின டிரான்ஸ்பார்மர் 50 சைக்கிள்ல காந்தம் தாங்காம திணறும், அந்த உறுமலும் சூடும் அதோட விளைவு. வழி என்னன்னா வோல்டேஜையும் அதே விகிதத்துல குறைக்கணும், 115-க்கு 50/60 போட்டா சுமார் 96 வோல்ட். ஜப்பான் சாமானுக்குன்னு 100 வோல்ட் ஸ்டெப் டவுன் விக்கறாங்க, அது கிட்ட வரும். பல்புக்கு 6-க்கு பதிலா 5 வோல்ட்டுக்கு கொஞ்சம் மேல தான் கிடைக்கும், வெளிச்சம் குறையும். முழு வெளிச்சம் வேணும்னா மேல சொன்ன மாதிரி தனி 6 வோல்ட் சப்ளை தான்.

பெயின்ட் கருகற வாசனை வந்தா காத்து போற ஓட்டைய பாருங்க, தூசி அடைச்சிருக்கும், இல்லன்னா முன்னாடி வச்சிருந்தவர் 15 வாட் கூண்டுல 30 வாட் பல்பு போட்டிருப்பார்.

பார்வைப் பரப்புல ஒரு பக்கம் இருட்டு, இல்லன்னா பல்போட கம்பி சுருளே தெரியுது

விளக்கு நல்லா இருக்கு, வச்ச விதம் சரியில்ல. ஜெர்மனியில கீஸன்ல ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்த ஆகஸ்ட் கோலர் 1893-ல வெளியிட்ட முறை தான் இன்னிக்கும் வேலை செய்யுது, அதுக்காகவே தான் இந்த லேம்ப்ல முன்னாடி லென்ஸும் ஐரிஸும் (திறந்து மூடற ஒளித்துளை) வச்சிருக்காங்க.

மைக்ராஸ்கோப் அடியில ஒளிய மேல திருப்பற கண்ணாடிய குழி பக்கம் வைக்காம சமதள பக்கம் திருப்புங்க, ஸ்லைடுக்கு கீழ கண்டென்சர் (ஒளிய குவிக்கற லென்ஸ்) இருக்கும்போது குழிக்கண்ணாடி எல்லாத்தையும் கெடுத்துடும். லேம்ப்ப 20, 25 சென்டிமீட்டர் தள்ளி வைங்க. ஸ்லைட போகஸ் பண்ணிட்டு லேம்ப் ஐரிஸ சின்னதா மூடுங்க. கண்டென்சர ஏத்தி இறக்கி அந்த ஐரிஸோட ஓரம் ஸ்லைடு மேலயே கூர்மையா விழற மாதிரி பண்ணுங்க, அத நடுவுக்கு கொண்டு வாங்க. இப்ப கண்டென்சரோட கீழ் ஐரிஸ மூடி, அது மேல கம்பி சுருளோட உருவம் நடுவுல கூர்மையா விழற வரைக்கும் லேம்ப்ல பல்ப முன்ன பின்ன நகர்த்துங்க. அப்புறம் ரெண்டு ஐரிஸையும் தேவைக்கு திறங்க.

இவ்ளோ பண்ணியும் சுருள் நடுவுக்கு வரவே மாட்டேங்குதுன்னா பல்பு மாத்தி போட்டிருக்காங்க. வோல்ட், வாட், அடிப்பகுதி மூணும் பொருந்தினாலும் கம்பி இருக்கற உயரம் வேற வேறயா இருக்கும், ரெண்டு மில்லிமீட்டர் வித்தியாசமே இங்க பெருசு. பல்பு வாங்கும்போது அந்த உயரத்த அளந்து கேளுங்க.

வெளிச்சத்துல சிலந்தி வலை மாதிரி கோடு தெரிஞ்சா லென்ஸ்ல பங்கஸ். சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் மாதிரி கடலோர ஊர்ல இது சாதாரணம். லென்ஸ மட்டும் கழட்டி காய்ச்சி வடிச்ச தண்ணியில ஒரு சொட்டு சோப்பு விட்டு துடைங்க, அப்புறம் ஆல்கஹால். பித்தளை மேல மட்டும் ஆல்கஹால் படவே கூடாது, பழைய பித்தளைக்கு மேல அரக்கு வார்னிஷ் பூசியிருப்பாங்க, ஸ்பிரிட் பட்ட இடத்துல கரைஞ்சு வரும், திரும்ப வராது.

யூ.வி. லேம்ப்: அணைச்சு போட்டா திரும்ப எரியல

பாதரச ஆவி பல்புக்கு அது இயல்பு. சூடா இருக்கும்போது உள்ள அழுத்தம் ஜாஸ்தி, ஆறினா தான் மறுபடி பத்தும். சில நிமிஷம் விடுங்க, ஸ்விட்ச தட்டிட்டே இருக்காதீங்க. போட்ட உடனே மங்கலா இருக்கறதும் அப்படித்தான், முழு வெளிச்சத்துக்கு சில நிமிஷம் ஆகும்.

சின்ன டியூப் வச்ச வகையில ரெண்டு முனையும் எரியுது நடுவுல வரலன்னா ஸ்டார்ட்டர் ஒட்டிக்கிச்சு, நம்ம வீட்டு பழைய டியூப்லைட் மாதிரியே மாத்திடலாம். முனை ரெண்டும் நல்லா கருத்திருந்தா டியூப் முடிஞ்சுது.

வெளி கண்ணாடி உடைஞ்சும் உள் பல்பு எரிஞ்சா அந்த லேம்ப்ப போடவே போடாதீங்க, கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதலான குட்டை அலை நேரா வெளிய வரும். பாதரசம் சிந்தினா ஜன்னல திறந்து வைங்க, வேக்யூம் கிளீனர் போடாதீங்க.

ஊதா தெரியுது, ஆனா புத்தகத்துல ஒண்ணும் ஒளிரல

முதல்ல விளக்க சோதிங்க. ஒரு இந்திய நூறு ரூபாய் நோட்ட பிடிங்க. நம்பர் ஒளிரணும், அங்கங்க இழை ஒளிரணும், காகிதம் மட்டும் இருட்டா இருக்கணும். அது சரியா தெரிஞ்சா லேம்ப் நல்லா இருக்கு. நோட்டே மொத்தமா ஊதா மூடாக்கு போட்ட மாதிரி இருந்தா பில்டர் சரியில்ல, கண்ணுக்கு தெரியற வெளிச்சம் கசியுது. பழைய லேம்ப்ல இருக்கற கருப்பு கண்ணாடி அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் கண்டுபிடிச்ச நிக்கல் ஆக்சைடு கலந்த வகை, 365 நானோமீட்டர் பக்கத்துல விட்டு கண்ணுக்கு தெரியற வெளிச்சத்தோட பெரும்பகுதிய தடுக்கும். அது உடைஞ்சு யாராவது சாதா நீலக்கண்ணாடி போட்டிருப்பாங்க. கடையில கிடைக்கற 395 நானோமீட்டர் டார்ச்சுலயும் இதே தொல்லை தான். ரூமும் நல்லா இருட்டா இருக்கணும், கண்ணு இருட்டுக்கு பழக கொஞ்ச நேரம் கொடுங்க.

நோட்டு சரியா ஒளிருது, ஆனா பக்கம் முழுக்க லேசா நீலமா தெரியுதுன்னா உங்க சட்டைய பாருங்க. வெள்ளை சட்டை, வெள்ளை வேட்டிக்கு சோப்பு பவுடர்ல இருக்கற பிரைட்னர் (வெள்ளைய பளிச்சுனு காட்டற ரசாயனம்) ஏறியிருக்கும், அது ஒளிர்ந்து பக்கத்து மேல விழும். கருப்பு சட்டை போட்டு உக்காருங்க, மேஜை விரிப்பும் கருப்பா இருக்கட்டும்.

புத்தகத்துல ஒரே ஒரு தாள் மட்டும் பளீர்னு நீல வெள்ளையா ஒளிருதா? அத லேம்ப் கோளாறுன்னு நினைக்காதீங்க. காகிதத்துல பிரைட்னர் சேர்க்கறது 1950 வாக்குல தான் பரவுச்சு, அதுக்கு முந்தின புத்தகத்துல அப்படி ஒரு தாள் இருந்தா அது பின்னாடி வச்சு கட்டினது. தோல் ஏட்டுல நேர் எதிரா நடக்கும், தோல் ஒளிரும், இரும்பு மசி ஒளிய உறிஞ்சி கருப்பா நிக்கும், சுரண்டி அழிச்ச எழுத்து கூட எழுந்து வரும். 1910-கள்ல ஜெர்மனியில இருக்கற பாய்ரோன் மடத்து துறவி ரஃபாயேல் கோகல் இத வச்சு தான் அழிச்சு எழுதின ஏடுகள படம் எடுத்தார். போட்டோ எடுக்கறதா இருந்தா கேமரா முன்னாடி 420 நானோமீட்டருக்கு கீழ வெட்டற மங்கின மஞ்சள் பில்டர் போடுங்க, இல்லன்னா திரும்பி வர்ற யூ.வி. படத்த மூடிடும்.

254 நானோமீட்டர் குட்டை அலை லேம்ப்ப புத்தகத்து மேல பிடிக்காதீங்க. 365 பிடிக்கும்போதும் யூ.வி. தடுக்கற கண்ணாடி போட்டுக்கங்க, தேவையானத பார்த்ததும் அணைச்சிருங்க.

பக்கம் சுருளுது, அல்லது சாய்வு வெளிச்சத்துல நிழல் ரெண்டா விழுது

சுருண்டா விளக்கு கிட்ட இருக்கு. புறங்கைய பக்கத்துக்கு நேரா மேல வைங்க, வெதுவெதுப்பு தெரிஞ்சா அது ஏற்கனவே ஜாஸ்தி, தோல் ஏடு அந்த சூட்டுக்கே வளைஞ்சுக்கும். லேம்ப்ப தள்ளி வச்சு வெப்பம் தடுக்கற கண்ணாடிய முன்னாடி போடுங்க. நூலகங்கள் அரிய புத்தகத்த காட்சிக்கு வைக்கறப்ப வெளிச்சம் 50 லக்ஸ் (வெளிச்சத்த அளக்கற அலகு) தான் விடுவாங்க, மைக்ராஸ்கோப் லேம்ப் அத எங்கயோ தாண்டிடும், அதனால பார்க்கற அந்த சில நிமிஷத்துக்கு மட்டும் போடுங்க.

சாய்வு வெளிச்சம் போடறது சுரண்டின இடம், மசி இல்லாம அழுத்தின முத்திரை, ஊசித்துளை இதெல்லாம் தெரியறதுக்கு. ரூம் விளக்க அணைச்சு, லேம்ப்ப கிட்டத்தட்ட மேஜை மட்டத்துக்கு இறக்கி ஒரே பக்கத்துலேர்ந்து விடுங்க, நிழல் ஒண்ணாயிடும். நிழல் மழுங்கலா இருந்தா லேம்ப் முன்னாடி ஒளிய பரப்பற அரைச்ச கண்ணாடிய எடுத்துட்டு ஐரிஸ மூடுங்க, ஒளி வர்ற இடம் சின்னதாக ஆக நிழல் கூர்மையாகும். அப்பவும் ஒண்ணும் தெரியலன்னா லேம்ப் நகராம புத்தகத்த கால் திருப்பு திருப்புங்க, ஒளி வர்ற திசையிலயே ஓடற கோடு நிழலே காட்டாது.